யார் இல்லாவிட்டால் ஆட்டம் நிற்கும்?

2024 பிப்ரவரி 3 அன்று பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் ஹெர்த்தா பெர்லின் அணியும் ஹாம்பர்க் அணியும் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டாம் பாதியில் கேலரியிலிருந்து டென்னிஸ் பந்துகள் வந்து விழுந்தன. பொறுக்கி முடித்தால் அடுத்த வீச்சு, அதைப் பொறுக்கினால் இன்னொன்று. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மறுபடி தொடங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஜெர்மன் லீகை நடத்தும் டிஎஃப்எல் அமைப்பு சுமார் நூறு கோடி யூரோ மதிப்புள்ள ஒரு திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

கால்பந்தில் புறக்கணிப்பு என்றதும் நம் மனதில் காலி இருக்கைகள் வரும். ரசிகர்கள் வராவிட்டால் முதலாளி வழிக்கு வருவார், ஆட்டக்காரர்கள் ஆட மறுத்தால் சம்மேளனம் இறங்கி வரும் என்று எளிதாக நம்பிவிடுகிறோம். நடந்தவற்றை எடுத்துப் பார்த்தால் கணக்கு அப்படி இல்லை. ஆயிரக்கணக்கானோர் பல ஆண்டுகள் விலகி நின்றும் ஒன்றும் அசையாத கிளப்புகள் உண்டு. சில வாரங்களில் எல்லாம் புரண்ட இடங்களும் உண்டு. விலகியவரின் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க முடியுமா என்ற ஒரே கேள்விதான் இந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு.

வாக்குச்சீட்டு இருக்கும் கேலரி

ஜெர்மனியில் 50+1 என்று ஒரு விதி. 1998இல் வந்தது. கிளப்பின் கால்பந்துப் பிரிவைத் தனி நிறுவனமாக்கி வெளியாருக்குப் பங்கு விற்கலாம். ஆனால் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டும் ரசிகர் பொதுக்குழுவுக்குப் போவார், கை தூக்குவார், நிர்வாகிகளைக் கேள்வி கேட்பார், பிடிக்காவிட்டால் இறக்கிவிடுவார். லெவர்கூசன், வோல்ஃப்ஸ்பர்க் ஆகிய கிளப்புகள் விதிவிலக்கு. ஒன்று மருந்து நிறுவனத்தின் நிழலிலும் மற்றது கார் நிறுவனத்தின் நிழலிலும் வளர்ந்தவை. லைப்சிக் கிளப் விதியை எழுத்தளவில் காப்பாற்றுகிறது. ஆனால் அங்கே வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் மிகச் சிலர். ஜெர்மன் ரசிகர்கள் அந்தக் கிளப்பை இன்றுவரை மன்னிக்காததற்கு அதுவே காரணம்.

2023 டிசம்பரில் முதல் இரண்டு டிவிஷன்களின் 36 கிளப்புகளும் கூடி வாக்களித்தன. ஒளிபரப்பு வருமானத்தில் சுமார் 8 சதவீதத்தை 20 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் முதலீட்டு நிதியத்துக்குக் கொடுத்து, பதிலுக்கு மொத்தமாக ஒரு பெரும் தொகையை வாங்கிக்கொள்வது திட்டம். மே மாதம் இதே போன்ற ஒரு திட்டம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் விழுந்திருந்தது. இந்த முறை 24 ஆதரவு, 10 எதிர்ப்பு, 2 நடுநிலை. தேவைப்பட்டது சரியாக 24. ஒரு வாக்கு குறைந்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும்.

அந்த ஒரு வாக்குதான் பற்றவைத்தது. ஹனோவர் 96 கிளப்பின் சார்பில் வாக்களித்தவர் மார்ட்டின் கிண்ட். எதிர்த்து வாக்களிக்கும்படி தாய்ச் சங்கம் அவருக்கு அறிவுறுத்தியிருந்தது. வாக்கெடுப்பு ரகசியமாக நடந்தது. எப்படி வாக்களித்தார் என்று அவர் சொல்லவில்லை. மற்ற கிளப்புகள் வெளிப்படையாகச் சொன்னதைக் கூட்டிப் பார்த்தவர்கள், அவர் ஆதரித்துத்தான் வாக்களித்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்படியானால் உறுப்பினர்களின் சொல்லை மீறிக் கிடைத்த பெரும்பான்மை இது. பணம் வரலாமா கூடாதா என்ற விவாதம் அத்தோடு பின்னுக்குப் போய்விட்டது. எங்கள் வாக்குக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதே கேள்வியாயிற்று.

ரசிகர்கள் முதலில் மௌனம் காத்தார்கள். ஆட்டம் தொடங்கி 12 நிமிடம் வரை ஒரு பாட்டு கிடையாது, ஒரு முழக்கம் கிடையாது. அதற்கும் முன்னோடி உண்டு. 2012இல் மைதானப் பாதுகாப்புக் கெடுபிடிகளை எதிர்த்து நாடு முழுவதும் 12 நிமிடம் 12 விநாடி வாய்மூடி இருந்தார்கள். இந்த முறை மௌனத்தைத் தொடர்ந்து தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசுகள் பறந்தன. பிறகு டென்னிஸ் பந்துகள். ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்கள் புகையைக் கக்கிக்கொண்டு மைதானத்துக்குள் சுற்றின. ஹாம்பர்க்கில் கோல் கம்பத்தில் சைக்கிள் பூட்டைப் பூட்டிவிட்டார்கள். அறுத்தெடுக்கும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

இந்தப் போராட்டத்தின் நுட்பம் எனக்கு மிகப் பிடித்த விஷயம். டென்னிஸ் பந்து யாரையும் காயப்படுத்தாது. ஆனால் உருண்டு பரவும், பொறுக்க நேரம் எடுக்கும். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கினால் காவல்துறை வரும், வன்முறை என்று தலைப்பு வரும். பந்து இறங்கினால் அந்த வாய்ப்பு இல்லை. ஆட்டம் மட்டும் நிற்கும். ஒளிபரப்பு நேரம் குலையும். வெளி முதலீட்டாளரிடம் விற்கப்போவதே அந்த ஒளிபரப்பைத்தான். விலை பேசிக்கொண்டிருக்கும் சரக்கையே வாங்க வந்தவன் கண்முன் பழுதாக்கிக் காட்டினார்கள். பேச்சுவார்த்தையில் இருந்த இரண்டு நிறுவனங்களில் பிளாக்ஸ்டோன் பிப்ரவரியில் ஒதுங்கிக்கொண்டது. சிவிசி மட்டும் மிஞ்சியது. பிப்ரவரி 21 அன்று டிஎஃப்எல் தலைமைக் குழுவின் சார்பில் ஹான்ஸ்-யோவாகிம் வாட்ஸ்கே, இந்தச் சூழ்நிலையில் திட்டத்தைத் தொடர முடியாது என்று அறிவித்தார்.

ரசிகர்கள் இருக்கையைக் காலி செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளேதான் இருந்தார்கள். டிக்கெட் வாங்கி, கொடி கட்டி, பாட்டையும் முழக்கத்தையும் மட்டும் கொடுக்க மறுத்தார்கள். உலகத் தொலைக்காட்சிகளுக்கு ஜெர்மன் லீக் விற்கும் காட்சியில் பாதி அந்தக் கேலரிதான். அந்த இரைச்சலைப் புதிதாக வந்து உட்காரும் பார்வையாளரால் தர முடியாது.

காலி இருக்கையையும் அவர்கள் முயன்றதுண்டு. 2017-18 பருவத்தில் சில ஆட்டங்களைத் திங்கள் இரவுக்கு மாற்றினார்கள். மறுநாள் வேலைக்குப் போகிறவர் நாட்டின் மறுகோடிக்குப் போய் ஆட்டம் பார்த்துவிட்டு எப்படித் திரும்புவார்? 2018 பிப்ரவரியில் டோர்ட்முண்ட் - ஆக்ஸ்பர்க் திங்கள் ஆட்டத்துக்கு வழக்கமாக 80,000 பேர் நிரம்பும் மைதானத்தில் சுமார் 54,000 பேர்தான் இருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், அடுத்த ஒளிபரப்பு ஒப்பந்தத்திலிருந்து திங்கள் ஆட்டங்கள் இருக்காது என்று முடிவானது.

எல்லாமே பாராட்டுக்குரியது என்று சொல்ல மாட்டேன். கிண்டின் முகத்தைத் துப்பாக்கிக் குறிக்குள் வைத்த படத்தைச் சிலர் தூக்கிப் பிடித்தார்கள். அது போராட்டமில்லை, மிரட்டல். 2020 பிப்ரவரி 29 அன்று ஹோஃபன்ஹைம் மைதானத்தில் பயர்ன் மூனிக் ரசிகர்கள், உள்ளூர் கிளப்பின் முதலீட்டாளர் டீட்மார் ஹாப்பைக் கீழ்த்தரமாக ஏசும் பதாகைகளை விரித்தபோது, ஆட்டக்காரர்களே எதிர்ப்பைக் காட்டினார்கள். பயர்ன் 6-0 என முன்னிலையில் இருந்தது. மீதி சுமார் 13 நிமிடமும் இரு அணியினரும் பந்தை ஒருவருக்கொருவர் மெதுவாகத் தட்டிக்கொண்டு, பேசிக்கொண்டு நேரத்தைக் கழித்தார்கள். ரசிகர்களுக்கு எதிராக ஆட்டக்காரர்கள் நடத்திய அறப்போராட்டம் என்று அதைச் சொல்லலாம். கேலரி வேறு விதமாகப் பார்த்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் மீது இனவெறிக் கூச்சல் எழுந்த நாட்களில் இப்படி யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லையே, ஒரு கோடீஸ்வரருக்காக மட்டும் ஏன் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இன்னும் வரவில்லை.

காத்திருப்போர் பட்டியல் இருக்கும் ஊரில்

இங்கிலாந்தின் பெரும்பாலான கிளப்புகளில் ரசிகருக்கு வாக்கு இல்லை. கிளப் தனிச்சொத்து. அங்கே புறக்கணிப்பு எங்கே முட்டி நிற்கிறது என்பதை மான்செஸ்டர் யுனைட்டெட் காட்டுகிறது.

2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் அந்தக் கிளப்பைச் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். கடனுக்குப் பொறுப்பு வாங்கியவர்கள் தலையில் விழவில்லை, கிளப்பின் தலையில் விழுந்தது. கொதித்துப்போன ஒரு பகுதி ரசிகர்கள் சீசன் டிக்கெட்டை விட்டுவிட்டு எஃப்சி யுனைட்டெட் ஆஃப் மான்செஸ்டர் என்று புதிய கிளப் தொடங்கினார்கள். உள்ளே தங்கியவர்கள் 2010இல் கிளப்பின் பழைய நிறங்களான பச்சையும் மஞ்சளும் கலந்த கழுத்துத்துணிகளை அணிந்தார்கள். மிலான் அணிக்காக ஆட வந்த, யுனைட்டெட்டின் முன்னாள் நட்சத்திரம் டேவிட் பெக்கமே ஆட்டம் முடிந்ததும் அதில் ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மைதானமே பச்சை மஞ்சளாக இருந்தது. ஆனால் நிரம்பியும் இருந்தது. ஒருவர் விட்ட டிக்கெட்டுக்கு இன்னொருவர் காத்திருந்தார். உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருமுறையாவது அங்கே உட்கார ஆசைப்படுகிறவர்கள் இருக்கும்வரை, உள்ளூர்க்காரரின் வெறுப்பு கணக்குப் புத்தகத்தில் ஏறாது. 2021 மே 2 அன்று ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்ததால் லிவர்பூலுடனான ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அப்போதும் கிளேசர் குடும்பம் போகவில்லை. 2024இல் ஜிம் ராட்கிளிஃப் ஒரு பகுதிப் பங்கை வாங்கிய பிறகும் பெரும்பான்மை அவர்களிடமே இருக்கிறது.

அந்த மே மாதக் கொதிப்புக்கு இரண்டு வாரம் முன்புதான் சூப்பர் லீக் விவகாரம் நடந்தது. ஏப்ரல் 18 அன்று 12 பெரிய கிளப்புகள், தங்களுக்கு எப்போதும் இடம் உறுதியான தனி லீக்கை அறிவித்தன. அதில் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகள். ஏப்ரல் 20 மாலை செல்சி மைதானத்துக்கு வெளியே கூடிய ரசிகர்கள் அணியின் பேருந்தை மறித்தார்கள். முன்னாள் கோல்கீப்பர் பீட்டர் செக் இறங்கி வந்து வழிவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அன்றிரவே ஆறு கிளப்புகளும் பின்வாங்கத் தொடங்கின. கொரோனா காலம், கேலரிகளில் ரசிகர்களே கிடையாது. புறக்கணிக்க ஒன்றுமே இல்லாத நேரத்தில் இவ்வளவு பெரிய வெற்றி எப்படிக் கிடைத்தது? ரசிகர்கள் அன்று தனியாக இல்லை. பிரீமியர் லீக், ஐரோப்பியச் சம்மேளனம், பிரிட்டன் அரசு, அந்தக் கிளப்புகளின் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள். ஜெர்மன் கிளப் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் சேரவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உறுப்பினர் கூட்டத்தில் போய் அதை யார் விளக்குவது?

அந்த நாட்களின் கோபம் வீணாகவில்லை. ரசிகர் தலைமையிலான மறுஆய்வு என்ற பெயரில் அரசு ஒரு விசாரணை நடத்தியது. அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, இங்கிலாந்தில் முதன்முறையாகச் சட்ட அதிகாரம் உள்ள தனி ஒழுங்குமுறை அமைப்பு உருவானது.

லிவர்பூலின் கதை வேறு. 2016 பிப்ரவரி 6 அன்று தன் மைதானமான ஆன்ஃபீல்டில் சண்டர்லாந்துக்கு எதிராக 77ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளிநடப்புச் செய்தார்கள். புதிய மெயின் ஸ்டாண்டில் உச்ச விலை டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்ததற்கான பதில் அது. அவர்கள் எழுந்தபோது லிவர்பூல் 2-0 முன்னிலை. கேலரி வெறிச்சோடிய பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தது. நான்கு நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையை 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள். அடுத்த மாதம் பிரீமியர் லீக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்தன. அதே வாரத்தில், பிப்ரவரி 9 அன்று, ஸ்டுட்கார்ட் போயிருந்த டோர்ட்முண்ட் ரசிகர்கள் டிக்கெட் விலைக்காக டென்னிஸ் பந்து வீசினார்கள். எட்டு ஆண்டு கழித்துப் பெர்லினில் விழுந்த பந்துகளுக்கு அதுவே ஒத்திகை.

மான்செஸ்டரிலும் காத்திருப்போர் உண்டு, லிவர்பூலிலும் உண்டு. பிறகு ஏன் லிவர்பூலில் மட்டும் நான்கு நாளில் முடிந்தது? ஒரு காரணம், கோரிக்கை சிறியது. கிளப்பை விட்டுப் போ என்று கேட்பதும், இந்த விலையை இறக்கு என்று கேட்பதும் ஒன்றல்ல. இன்னொன்று, அந்த ஊருக்குப் புறக்கணிப்பில் நீண்ட பயிற்சி உண்டு.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலில் சிக்கி இறந்த லிவர்பூல் ரசிகர்கள், பின்னாளில் இறந்தவரையும் சேர்த்து, 97 பேர். நான்காம் நாள் 'தி சன்' பத்திரிகை, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள், காவலர்கள் மீது சிறுநீர் கழித்தார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதி அதற்கு 'உண்மை' என்று தலைப்பும் போட்டது. அன்றிலிருந்து லிவர்பூலைச் சுற்றிய மெர்சிசைடு வட்டாரம் அந்தப் பத்திரிகையை வாங்குவதில்லை. பல கடைகளில் விற்பதில்லை. 2012இல் தனி விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. 2016இல் மரண விசாரணை ஜூரி, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. புறக்கணிப்பு நிற்கவில்லை. 2017இல் லிவர்பூல் கிளப் அந்தப் பத்திரிகையின் நிருபர்களுக்கே கதவை மூடியது. அப்போது பிறந்திராத பிள்ளைகள்கூட இன்று அதைக் கையால் தொடுவதில்லை. ஒரு பத்திரிகைக்கு வேறு ஊர்களில் வாசகர் கிடைப்பார்கள். லிவர்பூலில் லிவர்பூல்காரர்களைத் தவிர வேறு வாசகர் எங்கிருந்து வருவார்கள்?

விம்பிள்டன் ரசிகர்களுக்கு வாய்த்த நிலைமை இவற்றில் எதனோடும் சேராது. 1988இல் எஃப்ஏ கோப்பை இறுதியில் லிவர்பூலையே வென்ற கிளப் அது. 2002 மே 28 அன்று, மூவர் கொண்ட ஆணையம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தக் கிளப் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸ் நகருக்குக் குடிபெயர அனுமதி தந்தது. ரசிகர்கள் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். அந்த அக்டோபரில் ராதரமுக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தவர்கள் 849 பேர். இரண்டாம் டிவிஷன் ஆட்டம் அது! அதே பருவத்தில் ரசிகர்கள் தொடங்கிய ஏஎஃப்சி விம்பிள்டன் உள்ளூர் லீக்கில் சராசரியாக மூவாயிரம் பேர் முன்னிலையில் ஆடிக்கொண்டிருந்தது. பொதுத்திடலில் தேர்வு வைத்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கிய கிளப் அது. 2011இல் தொழில்முறை லீக்குக்கு ஏறியது. 2020 நவம்பரில் தன் பழைய தெருவான பிளவ் லேனில் புது மைதானம் கட்டித் திரும்பியது. புறக்கணிப்பால் குடிபெயர்வைத் தடுக்க முடியவில்லை. பெயரை, கோப்பைகளின் நினைவை, ஊரை மீட்க முடிந்தது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆடுகிறவர்கள் மறுத்தால்

ஆட்டக்காரருக்கு மாற்று கிடைப்பது கடினம் என்றுதான் நினைப்போம். ஸ்பெயின் மகளிர் அணி பட்ட பாடு வேறு பாடம்.

2022 செப்டம்பரில் 15 பேர் தனித்தனியாக, ஒரே வாசகத்தில், ஸ்பெயின் சம்மேளனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். தேசிய அணியின் சூழல் தங்கள் மனநிலையையும் உடல்நலத்தையும் பாதிக்கிறது, அது மாறும்வரை தங்களை அழைக்க வேண்டாம் என்பது செய்தி. பயிற்சியாளர் ஹோர்கே வில்டா. அவருக்கு முன்னிருந்த இக்னாசியோ கெரேடா 1988 முதல் 27 ஆண்டுகள் பதவியில் இருந்தார். 2015 உலகக் கோப்பைக்குப் பிறகு 23 பேரும் சேர்ந்து எதிர்த்த பிறகே அவர் போனார். ஆக, இந்த அணிக்கு இது இரண்டாவது சுற்று.

சம்மேளனம் கடுமையாகப் பதில் சொன்னது. பயிற்சியாளரைக் கேள்வி கேட்க அனுமதிக்க மாட்டோம், தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால்தான் திரும்ப முடியும் என்றது. அடுத்த மாதமே புதிய முகங்களோடு இறங்கிய ஸ்பெயின், அமெரிக்காவை 2-0 என்று வென்றது. சம்மேளனத்துக்கு அதைவிட இனிப்பான செய்தி வேறென்ன? மாற்று ஆள் கிடைத்துவிட்டார்கள். 15 பேரில் ஓனா பாட்லே, மரியோனா கால்தென்டே, ஐதானா பொன்மத்தி ஆகிய மூவர் மட்டுமே 2023 உலகக் கோப்பைக்குப் போனார்கள். மாப்பி லியோன், பத்ரி கிஹார்ரோ போன்றவர்கள், தங்கள் வாழ்நாளின் சிறந்த பருவத்தில், வீட்டிலிருந்து பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் ஓல்கா கார்மோனாவின் கோலில் இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்து ஸ்பெயின் உலகச் சாம்பியன் ஆனது. புறக்கணிப்பு தோற்றது, வில்டா ஜெயித்தார் என்று எழுதிவிட எல்லாம் தயாராக இருந்தது.

பதக்கம் வழங்கும் மேடையில் சம்மேளனத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ், ஹென்னி எர்மோசோவின் தலையைப் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். உலகமே பார்த்தது. ஆகஸ்ட் 25 அன்று சம்மேளனப் பேரவையில் பதவி விலக மாட்டேன் என்று ஐந்து முறை சொன்னார். எதிரே இருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்றே 81 ஆட்டக்காரர்கள் அறிக்கை விட்டார்கள். தலைமை மாறாமல் தேசிய அணிக்கு ஆட மாட்டோம் என்றார்கள். அதில் உலகக் கோப்பையை வென்ற 23 பேரும் இருந்தார்கள்.

முந்தைய ஆண்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். 15 பேர் போனபோது அடுத்த வரிசை இருந்தது. 81 பேர் போனால் அடுத்த வரிசையே இல்லை. உலகச் சாம்பியனுக்கு மாற்றாக யாரைக் கொண்டுவருவது? செப்டம்பர் 5 அன்று வில்டா நீக்கப்பட்டார். 10ஆம் தேதி ரூபியாலெஸ் விலகினார். அந்த மாதமே உள்நாட்டு லீக் ஆட்டக்காரர்களும் வேலைநிறுத்தம் செய்து, குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தை 16,000 யூரோவிலிருந்து 21,000 ஆக உயர்த்திக்கொண்டார்கள்.

அதோடு முடியவில்லை. புதிய பயிற்சியாளர் மொன்ஸே தோமே, ஆட மறுத்தவர்களின் பெயர்களையே அவர்கள் சம்மதமில்லாமல் அணியில் அறிவித்தார். வராவிட்டால் விளையாட்டுச் சட்டப்படி அபராதமும் ஆண்டுக்கணக்கில் தடையும் வரலாம் என்ற அச்சம். வலென்சியா பக்கம் ஒலிவா என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் ஆட்டக்காரர்கள், சம்மேளனம், அரசு விளையாட்டு மன்றம் மூன்று தரப்பும் விடியற்காலை வரை பேசின. சம்மேளன நிர்வாகத்தில் மாற்றங்கள் செய்ய ஒப்புக்கொண்ட பிறகு 21 பேர் தங்கினார்கள். லியோனும் கிஹார்ரோவும் கிளம்பிவிட்டார்கள். கோப்பையை வென்றுவிட்டுப் பேசியவர்களுக்குக் கிடைத்ததை, கோப்பையை இழந்து பேசியவர்களும் சேர்ந்து பெற்றுத்தந்தார்கள் என்பதை ஸ்பெயினில் அன்று எத்தனை பேர் நினைத்தார்களோ தெரியாது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் ரூபியாலெஸைப் பாலியல் தாக்குதல் குற்றவாளி என்று தீர்த்து 10,800 யூரோ அபராதம் விதித்தது.

ஒரு கண்டமே விலகிய போது

கால்பந்து வரலாற்றின் மிகப் பெரிய புறக்கணிப்பைப் பலரும் மறந்துவிட்டார்கள். 1966 உலகக் கோப்பையில் 16 இடங்கள். போட்டியை நடத்திய இங்கிலாந்தையும் சேர்த்து ஐரோப்பாவுக்குப் பத்து, தென் அமெரிக்காவுக்கு நான்கு, வட, மத்திய அமெரிக்காவுக்கு ஒன்று. மிச்சமிருந்த ஒற்றை இடத்துக்கு ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றும் மோத வேண்டும். ஆப்பிரிக்காவில் முதலாவதாக வருகிற அணிகூட மறுபடி ஆசியாவோடு மோதித்தான் உள்ளே வர முடியும்.

கானாவின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஒஹேனே ஜான், உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் செயற்குழுவிலும் இருந்தார். அவரும் எத்தியோப்பியாவின் யிட்னேகாச்சு தெஸ்ஸெமாவும் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். கானா அதிபர் குவாமே இன்க்ருமா பின்னால் நின்றார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்குக் கால்பந்து அப்போது கொடியைப் போன்றது. இன்னொரு புண்ணும் இருந்தது. நிறவெறி ஆட்சியின் தென்னாப்பிரிக்காவை ஃபிஃபா 1961இல் இடைநீக்கம் செய்தது. தலைவர் ஸ்டான்லி ரூஸ் அந்நாட்டுக்குப் போய் வந்த பிறகு 1963இல் தடை விலகியது. ஆப்பிரிக்க நாடுகளின் அழுத்தத்தால் 1964இல் மறுபடி தடை வந்தது. அந்த ஆண்டே 15 ஆப்பிரிக்க அணிகளும் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறின. ஃபிஃபா அபராதம் போட்டது.

உடனடி விளைவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. காலியான இடத்தில் வட கொரியா உட்கார்ந்தது. அது இத்தாலியை 1-0 என்று வீழ்த்தி உலகத்தையே வியக்க வைத்தது. காலிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக 3-0 முன்னிலை பெற்று, பிறகு 5-3 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் நான்கு கோல் போட்ட யூசேபியோ மொசாம்பிக்கில் பிறந்தவர். ஆப்பிரிக்க அணி ஒன்றுகூட இல்லாத உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவர் அவர்தான், ஒன்பது கோல், தன் மண்ணை ஆண்ட போர்ச்சுகலின் சட்டையில்.

ஆனாலும் ஃபிஃபாவில் ஒன்று மாறியிருந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்பது அங்கே விதி. விடுதலை பெறும் ஒவ்வொரு ஆப்பிரிக்க நாடும் ஒரு வாக்கைக் கொண்டுவந்தது. ஆட்டத்தில் அவர்களுக்கு மாற்று கிடைத்தது, வாக்கெடுப்பில் கிடைக்கவில்லை. 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அதைப் பிடித்த மொராக்கோ, மேற்கு ஜெர்மனிக்கு எதிராக முதல் கோலையும் போட்டுவிட்டு 2-1 என்று தோற்றது. 1974 தேர்தலில் ஆப்பிரிக்க வாக்குகளைத் திரட்டிய பிரேசிலின் ஜோவாவ் ஹவலாஞ்ச், ரூஸைத் தோற்கடித்தார். 1976இல் தென்னாப்பிரிக்கா ஃபிஃபாவிலிருந்தே வெளியேற்றப்பட்டது. 48 அணிகளாக விரிந்த 2026 உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கு நேரடியாக ஒன்பது இடங்கள்.

விலகியவர்கள் கையில் எதுவும் வந்து சேரவில்லை. 1963இலும் 1965இலும் ஆப்பிரிக்கக் கோப்பையை அடுத்தடுத்து வென்ற கானா அணி அப்போது கண்டத்திலேயே மிகச் சிறந்தது. 1966இல் லண்டனிலோ லிவர்பூலிலோ யாரை எப்படி எதிர்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது, அந்த வாய்ப்பு அவர்களுக்கு வரவேயில்லை. புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய கானா உலகக் கோப்பையில் முதன்முதலாகக் கால் வைத்தது 2006இல்.